எதை வைத்து அளப்பது? சென்னையும் பெங்களூரும்: வாழ்வதற்கும் வந்துபோவதற்கும்

1. கேள்வி

சென்னையையும் பெங்களூரையும் ஒப்பிட்டுப் பேசாத நடுத்தரத் தமிழ்க் குடும்பம் இன்று அரிது. ஒரு பிள்ளை இங்கே, ஒரு பிள்ளை அங்கே என்று வேலை பிரித்துப் போட்டுவிட்ட காலம். கல்யாணப் பேச்சிலும், வீடு வாங்கும் யோசனையிலும், ஓய்வுபெற்றபின் யாரோடு போய்த் தங்குவது என்ற தயக்கத்திலும் இந்த ஒப்பீடு தலைகாட்டுகிறது. பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். பெங்களூரில் வெயில் உறைக்காது, மின்விசிறியே வேண்டாம், ஆனால் டிராஃபிக். சென்னையில் எல்லாம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் புழுக்கம். கடைசியில் ‘க்ளைமேட்’ வென்றுவிடும்.

இந்தக் கட்டுரை அந்த வெற்றியைக் கேள்வி கேட்கிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதும், சென்னை கடலோரத்தில் சில மீட்டர் உயரத்தில் படுத்திருப்பதும் அந்தந்த நகரத்தார் உழைத்துச் சம்பாதித்தவை அல்ல. ஒரு நகரத்தை எடைபோடும்போது அது தன் கையால் செய்துவைத்தவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழாயில் வரும் தண்ணீர், ரயில், பேருந்து, மருத்துவமனை, பூங்கா, ஏழைக்கு ஊருக்குள் ஓர் இடம் ஆகியவை அவை. காசு குறைந்தவருக்கும் கிடைக்கும்படி பொதுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சென்னை முந்துகிறது என்பது என் முடிவு. அந்த முந்துதலின் பெரும்பகுதி பழைய தலைமுறைகள் சேர்த்துவைத்த முதல் என்பதும், அந்த முதல் இப்போது கரைந்துகொண்டிருக்கிறது என்பதும் அதே முடிவின் மறுபாதி.

2. தரவரிசைகள் சொல்வது

நகரங்களை ஒப்பிட ஆயத்தமாக ஒரு கருவி இருக்கிறது: தரவரிசைப் பட்டியல். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரத் துறை அமைச்சகம் 2018 ஆகஸ்டில் ‘வாழ்வதற்கு எளிமை’ப் பட்டியலை வெளியிட்டது. 111 நகரங்கள் கொண்ட அதில் சென்னைக்கு 14ஆம் இடம், பெங்களூருக்கு 58ஆம் இடம். அதே அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட அடுத்த பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூர் முதலிடம், சென்னை நான்காமிடம். இரண்டரை ஆண்டுகளில் பெங்களூரின் ஏரிகள் தெளிந்துவிடவில்லை. அவுட்டர் ரிங் ரோட்டில் நெரிசல் தீர்ந்துவிடவுமில்லை. மாறியது கணக்கிடும் முறை. இரண்டாவது பட்டியலில் குடிமக்களின் கருத்துக்கு மட்டும் 30 விழுக்காடு எடை தரப்பட்டது.

பத்திரிகைகள் தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொண்டன. பட்டியலின் உட்பிரிவுகளில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. ‘பொருளாதார ஆற்றல்’ என்ற பிரிவில் பெங்களூர் மற்ற எல்லா நகரங்களையும் வெகுதூரம் பின்தள்ளியது. கல்வி, உடல்நலம், உறைவிடம், குடிநீர், கழிவுநீர், போக்குவரத்து போன்றவை அடங்கிய ‘வாழ்க்கைத் தரம்’ பிரிவில் முதலிடம் சென்னைக்கு. சம்பாதிக்க அந்த ஊர், குடித்தனத்துக்கு இந்த ஊர் என்று ஒரே ஆவணம் இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது. கூட்டிப் பெருக்கி ஒற்றை எண்ணாக்கியதில் இரண்டாவது விடை காணாமல் போனது.

உலகப் பட்டியல்களின் பயன் இதைவிடக் குறைவு. எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 173 நகரங்களை வரிசைப்படுத்தி 2023இல் வெளியிட்ட பட்டியலில் சென்னை 144, பெங்களூர் 148. வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் அதிகாரிகளுக்கு எவ்வளவு கூடுதல் படி தரலாம் என்று நிறுவனங்கள் கணக்கிட உதவும் பட்டியல் இது. வியாசர்பாடியில் குடியிருப்பவருக்கோ கே.ஆர். புரத்தில் குடியிருப்பவருக்கோ அது எதையும் சொல்லவில்லை.

3. உயரம் தந்த கொடை

தட்பவெப்பத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளியில் உடலுழைப்பு செய்பவருக்கு வெயில் வெறும் அசௌகரியம் அன்று, உயிர்ப் பிரச்சினை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. பெங்களூரின் உச்சம் 2016 ஏப்ரலில் பதிவான 39.2 டிகிரி. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் கூடும்.

இந்தக் கொடையை அடையாளம் கண்டு பயன்படுத்தியவர்கள் ஆங்கிலேயர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மலேரியாவுக்குத் துருப்புகளைப் பலிகொடுத்தபின், 1809இல் படை முகாமை மேட்டு நிலத்துக்கு மாற்றினார்கள். 1537இல் கெம்பே கௌடா கட்டிய பேட்டைக்குக் கிழக்கே கண்டோன்மென்ட் எழுந்தது. படையோடு வந்த சமையற்காரர்கள், கொத்தனார்கள், வணிகர்கள், கூலிகள் ஆகியோரில் பெரும்பகுதி தமிழர்கள். அல்சூரும் சிவாஜி நகரும் இன்றும் அதற்குச் சாட்சி. பேட்டையும் கண்டோன்மென்டும் 1949 வரை தனித்தனி நிர்வாகங்களாக இருந்தன; இந்த இரட்டைப் பிறப்பு நகரத்தின் அரசியலில் இன்றும் தொடர்வதை வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் 2005இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

உயரம் தந்த கொடைக்கு ஒரு விலையும் உண்டு. மேட்டு நிலத்தில் ஆறு இல்லை. பெங்களூரின் இன்றைய நெருக்கடிகள் பலவற்றுக்கு வேர் இந்த ஒரே செய்தியில் இருக்கிறது. நகரத்தின் குளுமையைப் புகழ்கிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் குளுமையும் பழைய அளவில் இல்லை. 2024 ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூர் 38 டிகிரிக்கு மேல் காய்ந்தது.

4. தண்ணீர்

பழைய பெங்களூர் ஆறில்லாத குறையை ஏரிகளால் ஈடுகட்டியது. மேட்டிலிருந்து சரிவில் அடுத்தடுத்து, ஒன்று நிரம்பி மற்றொன்றுக்குப் போகும்படி ஏரிகள் வெட்டப்பட்டன. அவற்றில் பலவற்றை இன்று வேறு பெயரில் தேட வேண்டும். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. சூளை ஏரி கால்பந்து மைதானமானது. சித்திகட்டெ என்ற குளத்தின் மேல் கே.ஆர். மார்க்கெட் நிற்கிறது. சம்பங்கி ஏரியின் மிச்சமாக ஒரு சிறு குளம் அரங்கத்தின் ஓரத்தில் இருக்கிறது. கரகத் திருவிழாவின் சடங்குகளுக்காகத் திகளர் சமூகத்தார் இன்றும் அங்கே வருகிறார்கள். தோட்டக்கலைக்குப் பேர்போன திகளரின் பூர்வீகம் தமிழ் நாட்டோடு தொடர்புடையது.

சென்னைக்கு இதில் பெருமை பேச இடமில்லை. மாம்பலம் ஏரி தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பழைய பரப்பில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியபின், 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்றது. பெருங்குடிக் குப்பைமேடு அதன் நெஞ்சிலேயே இருக்கிறது. நீர்நிலையை நிலமாகப் பார்க்கும் கண் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். வெள்ளம் இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொன்னது. 2015 டிசம்பர் முதல் நாளும் அதைத் தொடர்ந்த இரவும் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, அடையாற்றின் கரைகள் மூழ்கின. 2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்கே கோடிகள் விலைபோகும் வில்லாக்களிலிருந்து மக்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில்தான் இரு நகரங்களும் பிரிகின்றன. பெங்களூர் 1896இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் அர்க்காவதி நீரை எடுத்தது. நகரம் வளர, இரண்டும் போதாமல் போயின. 1974இல் காவிரி வந்தது. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்துக்கு, கட்டம் கட்டமாக மின்மோட்டார்கள் தள்ளிக்கொண்டு வருகிற நீர் அது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அது மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாகத் தந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்டது.

சென்னையும் காவிரி குடிக்கிற ஊர்தான் என்பதை நம்மில் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. 2004 முதல் வீராணம் ஏரி நீர் 230 கி.மீ.க்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. வீராணத்தை நிரப்புவது கொள்ளிடம் வழியாக வரும் காவிரி. 2019இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் இருப்பும் கொள்ளளவில் ஒரு விழுக்காட்டுக்குக் கீழே போனது. அந்த ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரோடு ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்ததே, அதுவும் மேட்டூரிலிருந்து வந்த காவிரி நீர். அந்த ரயில் ஓடிய தண்டவாளம் பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவே உள்ள அதே பாதை. ஒரே ஆற்றை மேலேயும் கீழேயும் பங்குபோட்டுக் குடிக்கும் இரண்டு பெருநகரங்களை, ஒன்றுக்கொன்று அந்நியமானவை போல ஒப்பிட முடியாது.

ஆனால் ஆபத்தைச் சந்தித்த விதத்தில் வேறுபாடு இருக்கிறது. என் முடிவு அதை ஆதாரமாகக் கொண்டது. சென்னை வறட்சிக்குப் பழகிய ஊர். கிருஷ்ணா நீருக்காக 1983இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1996இல் நீர் வந்தது. 2003இல் மாநிலம் முழுதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பெயருக்குக் குழாய் பதித்தவர்கள் பலர் இருந்தாலும், மணற்பாங்கான கடலோரப் பகுதிகளில் கிணறுகள் ஊறியதைக் குடியிருந்தவர்கள் கண்டார்கள். மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் 2024இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த ஆலைகள் மின்சாரத்தை விழுங்குகின்றன, கழிவு உப்பைக் கடலில் கொட்டுகின்றன, மீனவர்களின் எதிர்ப்புக்கு நியாயம் இருக்கிறது. என்றாலும் ஏரி, ஆறு, அண்டை மாநிலம், கடல் என்று நாலு பக்கமும் கை நீட்டிவைத்திருக்கிற ஊரைத் தாகம் அவ்வளவு சுலபமாக வீழ்த்திவிடாது.

பெங்களூருக்கு நீளும் கை ஒன்றுதான், காவிரி. அது எட்டாத இடத்தில் ஆழ்துளைக் கிணறு. அடியில் கருங்கல். ஆயிரம் அடி துளைத்தாலும் ஊற்று கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 2024 மார்ச்சில் நகரத்தின் சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ 7,000 வற்றிவிட்டதாகத் துணை முதல்வரே அறிவித்தார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று ஆணை வந்தது. டேங்கர் நீரின் விலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். மிக மோசமாக அடிபட்டவை 2007இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட புறநகர்கள். தகவல் தொழில்நுட்பத்தின் செல்வம் குவிந்த மகாதேவபுராவும் அவற்றுள் ஒன்று.

இரண்டு தெருக்களை அருகிலிருந்து பார்க்கலாம். வடசென்னையின் சந்தொன்றின் முனையில் கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டி, அதன் குழாய்க்குக் கீழே நிறம் நிறமாகப் பிளாஸ்டிக் குடங்களின் வரிசை. ‘மெட்ரோ லாரி’ எத்தனை மணிக்கு வரும் என்பது அந்தச் சந்தின் பெண்களுக்கெல்லாம் தெரியும். வரவில்லை என்றால் காலிக் குடங்களோடு சாலை மறியல். கவுன்சிலரோ பொறியாளரோ வந்து பதில் சொல்லாமல் போக முடியாது. வர்த்தூர்ப் பக்கம் ஓர் அடுக்ககத்தின் நிலத்தடித் தொட்டிக்குள் தனியார் டேங்கரின் தடித்த குழாய் இறங்கியிருக்கிறது. மேல்மாடியில் குடியிருப்பவருக்கு எப்போது லாரி வந்தது என்பதே தெரியாது. மாதக் கடைசியில் பராமரிப்புக் கணக்கில் தொகை ஏறியிருக்கும். அடுத்த தெருவில் தகரக் கொட்டகையில் இருக்கும் கட்டடத் தொழிலாளி அந்த லாரியிடம் ஒரு குடம் கேட்க முடியாது. வடசென்னைப் பெண்ணின் இடுப்பு வலியை நான் சிறப்பித்துப் பேசவில்லை. அவர் படும் பாட்டுக்குப் பொறுப்பான ஓர் அலுவலகம் இருக்கிறது, அதன் வாசலில் அவர் நிற்க முடிகிறது என்பதைத்தான் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன்.

பெங்களூருக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். சுத்திகரிப்பின் தரம் போதாது என்ற எதிர்வாதம் உண்டு. ஆனாலும் நகரம் எடுத்த நீரைக் கிராமத்துக்குத் திருப்பித் தருவதை அந்த அளவில் நடத்திக்காட்டியதற்கு இந்தியாவில் அதிகம் உதாரணங்கள் இல்லை. சென்னையில் சுத்திகரித்த நீரைத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். உழவருக்கு அது போவதில்லை.

5. தடமும் தெருவும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. இந்த ஒரு முடிவு நகரத்தின் உருவத்தையே வரைந்தது. மாம்பலம், கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஊர் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே வளர்ந்தது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டித் தடங்கள் மேற்கையும் வடக்கையும் இழுத்துக் கட்டின. செங்கல்பட்டிலிருந்து தினமும் வந்துபோகும் அச்சக ஊழியருக்கோ திருவள்ளூரிலிருந்து வரும் பூ வியாபாரிக்கோ சீசன் டிக்கெட் எடுத்தால் மாதப் பயணச் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். பெங்களூரில் புறநகர் ரயில் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2020இல்தான் கிடைத்தது. 1931க்கும் 2020க்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் பெங்களூர்க்காரர்கள் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நின்று கடக்கிறார்கள்.

டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி பெங்களூரில் பத்து கி.மீ. கடக்கச் சராசரியாக 34 நிமிடம், சென்னையில் 30 நிமிடம். பேச்சில் கேட்கிற அளவுக்கு வேறுபாடு பெரிதாக இல்லை. ஆனால் இந்தக் கணக்கு கார்களுடையது. ரயிலில் போகிறவரின் நேரம் அதில் இல்லை.

பேருந்தில் பெங்களூர் முன்னால் நிற்கிறது. அதை மறைத்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது. அங்கே மாநகரப் பேருந்துகள் 6,000க்கு மேல். சென்னையில் அதில் பாதி அளவுதான். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தமிழ் நாடு 2021 மேயிலும் கர்நாடகம் 2023 ஜூனிலும் கொண்டுவந்தன. இலவசம் அறிவித்தால் போதாது, ஏறுவதற்கு வண்டி வர வேண்டும். மாலையில் சென்னை நிறுத்தங்களில் சாதாரணக் கட்டணப் பேருந்துக்காக நிற்கும் பெண்களைப் பார்த்தால் சென்னையின் பெருங்குறை விளங்கும். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குச் சில கி.மீ. பறக்கும் ரயிலை நீட்டிக்கும் வேலை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்ததையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மெட்ரோ ரயில் பெங்களூரில் 2011இலும் சென்னையில் 2015இலும் தொடங்கியது. 2023இல் ஒயிட்ஃபீல்டையும் 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டியையும் தொட்ட பிறகு பெங்களூர் மெட்ரோ உண்மையிலேயே மக்களின் வண்டியாக மாறிவந்தது. அதற்கு நடுவில் 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. பயணிகள் எண்ணிக்கை உடனே சரிந்தது. யாருக்காகத் தண்டவாளம் போடுகிறோம் என்ற கேள்வியைக் கட்டணச் சீட்டு தீர்மானித்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

6. வந்துபோகிறவர்கள்

‘பார்ப்பதற்கு எந்த ஊர்?’ என்று கேட்கிறவர்கள் சுற்றுலாப் பயணியை மட்டும் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். அவருக்கான விடை எளிது. இரண்டு நாள் இருந்தால் பெங்களூர். 1760 வாக்கில் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கில் காலை நடை. 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையில் ஜனவரியிலோ ஆகஸ்டிலோ மலர்க் கண்காட்சி. காந்தி பஜாரில் 1943 முதல் நடக்கும் வித்யார்த்தி பவனில் தோசை. சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகள். எல்லாம் நடந்தே பார்க்கக்கூடியவை. வழியெல்லாம் நிழல். கார்த்திகையில் போனால் பசவனகுடியின் கடலைக்காய்ப் பரிஷெ என்னும் நிலக்கடலைத் திருவிழாவையும் பார்த்துவிடலாம்.

ஒரு வாரம் இருக்க முடிந்தால் சென்னை. இந்த ஊர் முதல் பார்வையில் முகம் கொடுக்காது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களுக்கும் சோழர் செப்புத் திருமேனிகளுக்கும் தனித்தனியே ஒரு நாள் வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் கட்டிய தேவாலயம், மயிலாப்பூரின் மாட வீதிகள், டிசம்பரில் சபாக்கள் என்று ஒவ்வொன்றும் பொறுமை கேட்கிறது. சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. மெரினாவுக்கும் கட்டணம் இல்லை. ஞாயிறு மாலையில் சென்னையின் எல்லாச் சாதியும் எல்லா வருமானமும் ஒரே மணலில் உட்காரும் அந்தக் காட்சிக்கு ஈடு பெங்களூரின் எந்த மாலிலும் கிடையாது. கப்பன் பூங்கா ஓரளவு கிட்டே வருகிறது.

ஆனால் வந்துபோகிறவர்களில் நோயாளிகளும் உண்டு. ஆயிரம் விளக்குப் பக்கம் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்கும். லாட்ஜ் அறைகளுக்குள் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறார்கள். கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த குடும்பங்கள், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாள்களில் கடுகெண்ணெயில் மீன் பொரித்துச் சாப்பிடுகிறார்கள். இவர்கள் தேடி வருவது தனியார் மருத்துவமனைகளை. அதே நகரத்தில் சென்ட்ரலுக்கு எதிரே அரசுப் பொது மருத்துவமனையும், அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவ நிலையமும் கையில் காசில்லாதவரையும் ஏற்கின்றன. பெங்களூரில் இந்தத் தரத்துக்கு நிம்ஹான்ஸ் நிற்கிறது. மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் தமிழ் நாட்டிலிருந்தும் அங்கேதான் போகிறார்கள்.

நோயாளிக்கும் வேலை தேடி வருபவருக்கும் ஊருக்குள் நுழையும் வழியே ஒரு பெரிய செலவு. மீனம்பாக்கத்தில் இறங்கினால் எதிரே திரிசூலம் மின்சார ரயில் நிலையம். 2008இல் தேவனஹள்ளிக்குப் போய்விட்ட பெங்களூர் விமான நிலையம் ஊரிலிருந்து 35 கி.மீ. தூரத்தில் இருக்கிறது.

7. வீடும் உரிமையும்

வாடகை வீடு தேடுகிறவருக்கு இரண்டு ஊரும் கடினமானவை. சென்னையில் சாதியையும் சாப்பாட்டையும் விசாரிக்காமல் வீடு தருகிறவர் குறைவு. தனியாக வேலைக்கு வந்த இளம்பெண், கலப்பு மணம் செய்தவர்கள், முஸ்லிம்கள், வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் ஆகியோரிடம் கேட்டால் பெங்களூரில் ஒப்பீட்டளவில் கேள்விகள் குறைவு என்பார்கள். இது பெங்களூரின் உண்மையான பலம். பொதுத்துறை ஆலைகளும் இந்திய அறிவியல் கழகமும் பல மொழிக்காரர்களைப் பல பத்தாண்டுகள் ஒன்றாகக் குடிவைத்த பழக்கத்தில் விளைந்தது அது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று தமிழ் நாட்டில் சட்டம் இருந்தும், சென்னையின் ‘டு-லெட்’ பலகைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பெங்களூரின் இந்தத் திறந்த மனத்துக்கு ஓர் எல்லை உண்டு. தமிழர் அதை அனுபவத்தில் அறிவார்கள். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்ததும் பெங்களூரிலும் சுற்று மாவட்டங்களிலும் தமிழர் தாக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ் நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் பெங்களூரில் எரிக்கப்பட்டன. அதே நாள் சென்னையில் கர்நாடகத்தவருடைய ஹோட்டல் ஒன்று தாக்கப்பட்டது. அல்சூரில் துணியால் மூடப்பட்டே கிடந்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் கழித்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஒரு நகரம் வாழத் தகுந்ததா என்பதை மழை பொய்த்த ஆண்டில் அங்கே சிறுபான்மையினர் எப்படித் தூங்குகிறார்கள் என்பதையும் வைத்துத்தான் சொல்ல முடியும். எந்தத் தரவரிசையிலும் இதற்கு மதிப்பெண் இல்லை.

ஏழைக்கு ஊருக்குள் இடம் தருவதில் சென்னை ஒரு காலத்தில் நாட்டுக்கே வழிகாட்டியது. 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் தன் தொடக்க ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. மெரினாவுக்கு எதிரே, மயிலாப்பூருக்குப் பக்கத்தில், நகரத்தின் மிக விலையுயர்ந்த நிலத்தில் இன்றும் மீனவரும் கூலித் தொழிலாளரும் வீடு கொண்டிருப்பது அந்தக் கொள்கையின் பயன். 2013இல் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி தந்ததும், பெங்களூர் 2017இல் இந்திரா கேன்டீனாக அதைப் பின்பற்றியதும் இதே மரபைச் சேர்ந்தவை. 2013 ஜனவரியில் பெங்களூரின் ஈஜிபுராவில் நலிந்த பிரிவினரின் குடியிருப்பை இடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தெருவில் விட்டார்கள். அந்த நிலத்தில் தனியாரோடு சேர்ந்து மால் கட்டுவது திட்டம்.

ஆனால் சென்னை தன் பழைய கொள்கையைத் தானே கைவிட்டது. 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டிக் கூவத்தின் கரையிலிருந்தும் அடையாற்றின் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இருபது கி.மீ.க்கு அப்பால், அதுவும் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், கொண்டுபோய் இறக்கினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளக்காட்டில் குடிவைத்த இந்த முடிவை ஏற்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தபோது நடந்து போய் நாலு வீட்டில் வேலை செய்தவர், இப்போது இரண்டு வீட்டோடு நிறுத்திக்கொள்கிறார். மீதி நேரம் பேருந்தில் கரைகிறது. சென்னை ஆய்வாளர் கேரன் கோயலோவும் பிறரும் இந்த மறுகுடியமர்வுகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிவருகிறார்கள்.

கேட்க வேண்டிய மன்றமும் பல ஆண்டுகள் இல்லாமல் போனது. சென்னையில் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை. பெங்களூரில் 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் தேர்தலே நடத்தாமல், 2025இல் மாநகராட்சியையே கலைத்து ஐந்தாகப் பிரித்தார்கள். ஏரிக்கரையில் கட்டட அனுமதிகள் நழுவிப்போவதற்கு இதைவிட வசதியான காலம் கிடையாது.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத் தடம் ஒன்று பழைய மகாபலிபுரம் சாலை வழியே சிறுசேரிக்குப் போகிறது. கண்ணகி நகர் அந்தச் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கிருந்து நகரத்துக்குள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இழந்த இரண்டு வீட்டு வேலைகளை மீட்டுத் தரும் வல்லமை அந்த ரயிலுக்கு உண்டு. கட்டணத்தை நிர்ணயிக்க உட்காரும் குழு பெங்களூரின் 2025 பிப்ரவரி அனுபவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, வீட்டு வேலைக்குப் போகிறவரின் மாத வருமானத்திலிருந்து தன் கணக்கைத் தொடங்க வேண்டும்.